தேனீயின் மூக்கும் மாப்பிள்ளையின் வட்டமும்

தேனீக்கு மூக்கு முகத்தில் இல்லை. நெற்றியில் முளைத்த இரண்டு உணர்கொம்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு கொம்பிலும் ஆயிரக்கணக்கில் தட்டுத் தட்டாக நுண்ணிய உறுப்புகள். மணம் அவற்றின் வழியாகத்தான் உள்ளே போகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில், தருமபுரியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில், நானும் என் நண்பனும் அந்தத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "தேனீக்கு மூக்கு எண்ணறனுங்க" என்பேன். எனக்குப் பெண் கிடைக்கத் தாமதமானதற்கு என் முகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

அந்த வருடங்களில்தான் என் நண்பனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. என் ஸ்டூலுக்கு அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்க்கொண்டிருந்தது. தேனீயின் கொம்பில் ஒரு முடி உடைந்திருந்தால் கண்டுபிடித்துவிடும் என் கண்ணுக்கு இது தெரியவில்லை.

நாங்கள் இருவரும் டெமான்ஸ்டிரேட்டர்கள். விரிவுரையாளருக்குக் கீழே, அட்டெண்டருக்கு மேலே என்று சொல்லப்படும் பதவி. அட்டெண்டர் மட்டும் இதை ஒப்புக்கொண்டதில்லை. நண்பனின் அப்பா, அவன் வாயில் அத்தா, கடைவீதியில் தகரப் பெட்டி செய்து விற்பவர். ஊரில் கட்டிக்கொடுத்த பெண்கள் பாதிப் பேரின் சேலை அவர் அடித்த பெட்டியில்தான் மடிந்து கிடந்தது. நண்பனின் மனைவி, அவனுடைய தாய்மாமன் மகள், முதல் நாளிலிருந்தே என்னை அண்ணே என்று கூப்பிட்டதால் அவன் எனக்கு மாப்பிள்ளை ஆனான், நான் அவனுக்கு மச்சான் ஆனேன். ரம்ஜானுக்கு எனக்குத் தனித் தூக்குச்சட்டி வரும். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோன வரலாறு கிடையாது; வழியிலேயே காலியாகிவிடும்.

எங்கள் துறைத்தலைவருக்கு ஒரு கேள்வி இருந்தது. நம் நாட்டு அடுக்குத் தேனீயில் மலையில் வாழும் இனம் கறுத்துச் சற்றுப் பெரிதாக இருக்கும். சமவெளி இனம் சிறுத்து மஞ்சளாக இருக்கும். உடம்பில் இத்தனை வித்தியாசம் இருந்தால் மூக்கிலும் இருக்குமா? மலைக்கு வத்தல்மலை இருந்தது. சமவெளிக்கு நல்லம்பள்ளிப் பக்கத்துப் புற்றுகளும் பழஞ்சுவர்களும் இருந்தன. எண்ணுவதற்கு நாங்கள் இருந்தோம்.

வேலையை எப்படிப் பிரிப்பது என்பதில் யோசனையே தேவைப்படவில்லை. கல்லூரி மாடிப்படியிலேயே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவன் நான். அப்போது வத்தல்மலைக்கு ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான்.

"மலை எனக்கு, தரை உனக்கு," என்றான் மாப்பிள்ளை. "உன்னத் தூக்கிக்கினு ஏறறதுக்கு டோலி கட்டணும்."

மலைத்தேனீயைப் பிடிப்பதும் அவன், அறுப்பதும் அவன், எண்ணுவதும் அவன். சமவெளித் தேனீ முழுக்க நான். ஆளுக்கு ஓர் இனம். அண்ணன் தம்பி நிலம் பிரிக்கிற மாதிரி வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டோம். விஞ்ஞானத்தில் அப்படிப் பிரிக்கக் கூடாது, இருவரும் இரண்டிலும் பாதி எண்ண வேண்டும் என்பது விஞ்ஞானம் படித்த எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. துறைத்தலைவரும் கேட்கவில்லை. நிலத்தைப் பிரித்தால் அவரவர் நிலத்தை அவரவர் உழுவதுதானே எங்கள் பக்கத்து வழக்கம்.

தேனீயை மயக்கிக் கொன்று, கொம்பை அடியோடு அறுத்து, பொட்டாஷ் கரைசலில் காய்ச்சினால் உள்ளே இருக்கும் சதை கரைந்து ஓடு மட்டும் கண்ணாடி மாதிரி நிற்கும். பிறகு சாராயத்தில் குளிப்பாட்டி, கிராம்புத் தைலத்தில் ஊறவைத்து, பிசின் வைத்து ஸ்லைடில் ஒட்ட வேண்டும். எங்கள் கை, சட்டை, டிபன் பாக்ஸ் எல்லாம் கிராம்பு வாசம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "பல்லு வலிங்களா?" என்று பரிவோடு கேட்பார்கள். மாப்பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவான். எனக்கு உட்கார இடம் கிடைத்ததெல்லாம் அவன் பல்வலியால்தான்.

எண்ணுவது இப்படி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ஒரு வட்டம் தெரியும். வட்டத்துக்குள் இருக்கும் தட்டுகளையெல்லாம் எண்ண வேண்டும். பிறகு திருகாணியைக் குறித்துவைத்த கோடு வரை திருகி ஸ்லைடை ஒரு வட்ட அளவு நகர்த்தினால் அடுத்த வட்டம். பத்துத் தட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, தகர டப்பாவில். கண்ணை எடுக்காமலே போட்டுவிடலாம், பேனா தேட வேண்டாம். டப்பாக்களை மாப்பிள்ளையின் அத்தாவே அடித்துக் கொடுத்தார், மூடி போட்டு. விளக்கு வைத்த மைக்ராஸ்கோப்பெல்லாம் அப்போது எங்களுக்கு ஏது? ஜன்னலோரம் உட்கார்ந்து, அடியில் இருக்கும் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி வைத்துக்கொள்வோம். மேகம் வந்தால் டீக்கடை. பகல் முழுக்க எங்கள் மேஜையில் இரண்டு டப்பாக்களும் மாறி மாறி டக் டக் என்று பேசிக்கொண்டிருக்கும்.

மாப்பிள்ளையிடம் சில விசேஷங்கள் இருந்தன. பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த ஆட்டின் மேல் கால் வைத்து, அது கத்தியதற்கு, "மன்னிச்சிக்கங்க," என்றான். ஒரு சாயங்காலம் பிரின்சிபால் அறை இருட்டில், கொக்கியில் தொங்கிய கோட்டுக்கு வணக்கம் வைத்துவிட்டு வந்தான். வாசற்படிகள் அவனுக்கு மட்டும் உயரமாக இருந்தன. இதையெல்லாம் நான் ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டுவேன். ஆடும் நானே, மாப்பிள்ளையும் நானே, கோட்டும் நானே. அவன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பான். "கோட்டு பதிலுக்குத் தலையாட்டுச்சே, அத உட்டுட்டியே," என்று எடுத்துக்கொடுப்பான்.

ஒருமுறை அவனோடு வத்தல்மலைக்குப் போனேன். போனேன் என்றால் பாதிவழிப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். அவன் மேலே போனான். மேலே ஒரு வீட்டில் சாமைச் சோறு போட்டு உட்காரவைத்துவிட்டார்கள், இறங்கி வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. மலைக்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த வாத்தியாருக்குப் பாதை தெரியலீங்க," என்றார் என்னிடம். "செடியெல்லாம் மிதிச்சிக்கினே வர்றாரு."

"செருப்பு வழுக்குது மச்சான்," என்றான் அவன். அங்கிருந்து அடிவாரம் வரை என் தோளில் கை போட்டே வந்தான். விரல் தோளில் அழுந்தியிருந்தது. நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு, "என்ன மாப்ள, நிக்காஹ் ஊர்வலமா? மேளம் எங்க?" என்று கேட்டேன். அவனும், "மேளம்தான் முன்னாடி மூச்சு வாங்கிக்கினு போவுதே," என்றான். அப்படியே சிரித்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்.

எண்ணிக்கை வர வர எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மலைத்தேனீக்குத் தட்டுகள் குறைவாக வந்தன. ஒன்றிரண்டு ஸ்லைடில் இல்லை, எல்லாவற்றிலும். முதலில் எண்ணியவற்றில் கொஞ்சம் குறைவு, பின்னால் எண்ணியவற்றில் நன்றாகவே குறைவு. நான் உடனே ஒரு தத்துவம் செய்தேன். மலையில் எந்நேரமும் பூ, மூக்கைத் தீட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. எங்கள் சமவெளியோ வானம் பார்த்த பூமி. எங்கோ ஒரு வேம்பு, ஒரு புளி பூத்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பஞ்சம் பிடித்த ஊரில் மூக்குதான் மூலதனம். துறைத்தலைவர் இதை மிகவும் ரசித்தார். பெங்களூரில் நடக்கும் ஒரு கூட்டத்தில் கட்டுரையாக வாசிக்கலாம் என்றார். மாப்பிள்ளை கூட்டத்துக்கென்று ஒரு சட்டைத் துணி எடுத்துவிட்டான். டெமான்ஸ்டிரேட்டராகவே கிழடாகிவிடாமல் விரிவுரையாளர் ஆக அவனுக்கு அந்தக் கட்டுரை வேண்டியிருந்தது. எனக்கும்தான். ஆனால் அவனுக்கு வீட்டில் நடக்கப் பழகும் மகள் ஒருத்தி இருந்தாள்.

அப்போதுதான் எங்கள் அட்டெண்டர் விஞ்ஞானத்தைத் தின்றார்.

ஒரு மத்தியானம் துறை முழுக்க வறுத்த வாசம். அட்டெண்டர் ஸ்டவ்வில் இரும்புச் சட்டி வைத்துப் புளியங்கொட்டை வறுத்து, தோலைத் தட்டி எடுத்து, ஆளுக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. பாதி மென்ற பிறகுதான், "எங்கிருந்துங்க கொட்டை?" என்று கேட்டேன்.

"மேஜை மேல டப்பாவுல சும்மாதான் கெடந்துச்சு. பூச்சி உழுந்துருமேன்னு எடுத்தனுங்க."

மாப்பிள்ளை காலையெல்லாம் எண்ணி மூடி போட்டு வைத்த மலைத்தேனீ. அதில் ஒரு கை அவன் வாயிலும் இருந்தது. துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு விழுங்கினோம்.

அந்த ஸ்லைடை மறுபடி எண்ண வேண்டும். அவனுக்கு அன்று தலைவலி. இப்போதெல்லாம் எண்ணினால் தலை வலிக்கிறது என்பான். "நீ போய்ப் படு மாப்ள, நான் எண்ணிப் போடறன்," என்று நானே எடுத்தேன். நான் எண்ணிய முதல் மலைத்தேனீ அதுதான். டப்பாவில் கொட்டைகள் என் சமவெளித் தேனீக்கு விழுவதுபோலவே விழுந்துகொண்டிருந்தன. நிற்கவே இல்லை. தின்ற கொட்டைக்கு வட்டி சேர்த்துத் தருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்னொரு மலை ஸ்லைடை எடுத்து எண்ணினேன். அதுவும் அப்படியே.

மறுநாள் அவன் வந்ததும், "உன் தேனீங்களுக்கு என்னப் புடிச்சிருக்குது மாப்ள. நான் பாத்தா மூக்கு முளைக்குது," என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தான். ஸ்லைடை நகர்த்தாமல் ஒரே இடத்தில் வைத்து, மாறி மாறிப் பார்த்தோம்.

"வலது ஓரத்துல ஒரு முடி உடஞ்சி கெடக்குது பாரு. அதுக்குப் பக்கத்துல எத்தன தட்டு?" என்று கேட்டேன்.

"எந்த முடி?"

"ஓரத்துல."

"ஓரத்துல ஒன்னும் இல்ல. கருப்புதான். வட்டம் முடிஞ்சிருச்சே."

"முடியல மாப்ள. இன்னும் இருக்குது."

"அட, இல்லங்கறன்."

சண்டை வரும்போல இருந்தது. ஒரு காகிதத்தை மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு கண்ணால் குழலுக்குள்ளும் மறு கண்ணால் காகிதத்திலும் பார்த்தால், தெரியும் வட்டத்தை அப்படியே காகிதத்தில் வரைந்துவிடலாம். படம் வரைய எங்களுக்குப் பழக்கமான வழி. நான் வரைந்தேன். பிறகு அவன் அதே ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்தான். என் வட்டம் ஒரு தோசை அளவுக்கு இருந்தது. அவன் வட்டம் அதன் நடுவில், டீ கிளாஸின் வாய் அளவுக்கு இருந்தது.

"என்ன மாப்ள, தோசைக்குச் சட்னி வச்சிருக்கற," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது.

அவன் காகிதத்தை எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் வட்டத்தை முழுசாகப் பார்க்க அவனுக்குத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது.

"இருட்டுல தெரியாதுங்கறது சின்ன வயசுலருந்தே தெரியும் மச்சான்," என்றான். "மாலைக்கண்ணுன்னு அம்மா ஆட்டு ஈரலா போட்டாங்க. ஆனா பகல்ல எல்லாருக்கும் இவ்ளோதான் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தன்."

ஆடும் கோட்டும் வாசற்படியும் என் தோளில் அழுந்திய விரலும் அந்தச் சின்ன வட்டத்துக்கு வெளியே வரிசையாக நின்றன. அவன் எண்ணிய தேனீக்களுக்கு மூக்கு குறையவில்லை. ஓரத்தில் இருந்தவை அவனுக்குத் தெரியவில்லை. வட்டம் சுருங்கச் சுருங்க எண்ணிக்கையும் சுருங்கியிருக்கிறது. அதற்கு நான் தத்துவம் எழுதியிருந்தேன்.

பெங்களூருக்குப் போனோம். கூட்டத்துக்கு இல்லை, கண் ஆஸ்பத்திரிக்கு. கூட்டத்துக்கென்று தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தான். கறுப்புத் துணி கட்டிய ஒரு பலகைக்கு முன்னால் அவனை உட்காரவைத்தார்கள். நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்க்க வேண்டும். டாக்டர் ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைப் பாசிமணி ஒன்றை வைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக நடுவை நோக்கிக் கொண்டுவந்தார். மணி தெரிந்ததும் சொல்ல வேண்டும். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மணி கிளம்பியபோதே எனக்குத் தெரிந்தது. இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணி வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் நான் தொண்டையைக் கனைத்தேன். டாக்டர் திரும்பி என்னை முறைத்தார். மாப்பிள்ளை திரும்பாமலே, "சும்மா இரு மச்சான், பரிட்சைல காப்பி அடிக்கக் கூடாது," என்றான்.

அத்தாவும் அம்மாவும் சொந்தமா என்று டாக்டர் கேட்டார். சொந்தம்தான். மனைவி? அவளும் சொந்தம்தான். சொந்தத்துக்குள் கட்டினால் இது பரம்பரையாக வருவதுண்டு என்று டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். மருந்து என்று எதுவும் இல்லை, மாத்திரை வேண்டுமானால் தருகிறேன் என்றார். மெதுவாகத்தான் போகும், ஆனால் போனது திரும்பாது என்றார்.

அடுத்த நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கடைக்குப் போயிருந்தான். அவன் மனைவி, என் தங்கச்சி, அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"அண்ணே, டாக்டரு என்ன சொன்னாரு? அவரு சிரிச்சிக்கினே சொல்றாரு. எனக்கு நம்பிக்கை வரல. நீங்களாச்சும் சிரிக்காம சொல்லுங்க."

நான் சிரிக்காமல் சொன்னேன். என் முகத்துக்கு அது பழக்கமில்லாததால் எப்படி இருந்ததோ தெரியாது.

"முழுசாவா?"

"மெதுவாதாம்மா. வருசக்கணக்காவும்."

"பாப்பா ஸ்கூலுக்குப் போறதப் பாப்பாரா?"

"பாப்பான்."

"அவ கல்யாணத்த?"

 அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். வாசலில் கிடந்த மகளின் மரவண்டியை எடுத்துச் சுவரோரம் ஒதுக்கி வைத்தாள். நடைபாதையிலிருந்த செம்பை எடுத்தாள். செருப்புகளை ஓரமாகத் தள்ளினாள். அவன் நடக்கும் வழியில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் டீயைக் குடித்து முடித்தபோது அந்த வீட்டின் நடுவில் ஒன்றுமே இல்லை.

துறைத்தலைவரிடம் இருவருமாகப் போய்ச் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இரண்டு தேனீ இனத்தை ஒப்பிடச் சொன்னேன்," என்றார் மெதுவாக. "நீங்க உங்க ரெண்டு பேர் கண்ணை ஒப்பிட்டிருக்கீங்க." கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று அவரே கூட்டத்துக்குச் சொல்லிவிட்டார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "எல்லாத்தையும் ஒருத்தரே எண்ணட்டும். நீங்களும் கூட இருங்க," என்றார்.

அவன் கூட இருந்தான். நான் கண்ணை வைத்து எண்ணிக்கொண்டு போவேன். பத்து ஆனதும் "ம்" என்பேன். அவன் கொட்டையைப் போடுவான். அறுப்பது, காய்ச்சுவது, ஒட்டுவது எல்லாம் இன்னும் அவன்தான். நடுப்பார்வை கூர்மையாகத்தான் இருந்தது. ஊசி முனையில் கொம்பை எடுத்து ஸ்லைடில் வைப்பதில் அவனை மிஞ்ச எங்கள் துறையில் ஆள் கிடையாது. ஸ்லைடை வைத்துவிட்டு, ஸ்லைடு பெட்டி எங்கே என்று மேஜையெல்லாம் கையால் துழாவுவான். நான் பெட்டியை அவன் கைக்கு வரும் இடத்துக்கு நகர்த்துவேன். அது அவனுக்குத் தெரியும். தெரியாததுபோல, "இங்கதான் இருந்திருக்குது," என்பான்.

எண்ணி முடித்தபோது மலைக்கும் சமவெளிக்கும் இடையில் மிஞ்சிய வித்தியாசம், ஒரே கூட்டில் வாழும் இரண்டு தேனீக்களுக்குள்ளும் இருக்கக்கூடிய வித்தியாசம்தான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வித்தியாசம் இல்லை என்று சொல்லும் கட்டுரையை யாரும் கேட்கவும் இல்லை.

அவன் இன்னும் சில வருடங்கள் வேலையில் இருந்தான். கரும்பலகையில் படம் வரைந்தால் கோடு பலகையைத் தாண்டிச் சுவருக்குப் போகும். மாணவர்கள் முதலில் சிரித்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை; அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சிரிக்க மாட்டேங்கறானுங்க மச்சான். செத்த வூட்டுல பாடம் நடத்தற மாதிரி இருக்குது," என்றான். கடைசியில் அவனாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, அத்தாவின் பெட்டிக் கடையில் உட்காரப் போனான். தகரத்தைக் கையால் தடவியே அளவு பார்க்கப் பழகிக்கொண்டிருந்தான்.

கடையில் உட்கார்ந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் துறைக்கு வந்தான். மகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, மைதானத்துக்கு ஓடிவிட்டாள். பள்ளிச் சீருடையில் இருந்தாள். மாப்பிள்ளை ஜன்னலோரம் அவனுடைய பழைய ஸ்டூலில் உட்கார்ந்து, "ஒரு மலைத்தேனீ வை," என்றான். வைத்தேன். கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினேன். அவன் கண்ணை வைத்து, தலையை நகர்த்தி நகர்த்தித் தேடினான். பிறகு அசையாமல் இருந்தான்.

"கிடைச்சுதா மாப்ள?"

"ஒன்னு தெரியுது. ஒரே ஒரு தட்டு. நல்லா பளிச்சுனு இருக்குது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நீ பாத்து ஓரத்துல என்ன இருக்குதுன்னு சொல்லு."

நான் குனிந்தேன். அவன் எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் ஒதுக்கிக்கொண்டான். மேலே இருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். மேலே மூன்று தட்டு, வரிசையாக. அதன் பக்கத்தில் நீளமாக ஒரு முடி. வலது பக்கம் தட்டுகள் நெருக்கமாக, பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நிற்கிற மாதிரி. கீழே ஒரு காற்றுக்குமிழி, ஒட்டும்போது சிக்கியது. அவன் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு சுற்று முடிந்தது. நிறுத்தினால் அவன் எழுந்துவிடுவானோ என்று இருந்தது.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம், எடது பக்கம் ஒரு ஆடு படுத்திருக்குது."

அவன் என் பக்கம் தலையைத் திருப்பினான்.

"புளுவுற."

"ஆமா."

"சரி, சொல்லு. ஆடு எந்தப் பக்கம் தல வச்சிருக்குது?"